யார் வீட்டு அடுப்பு?

ஒருவர் ஊருக்கு வந்துபோனார் என்பதற்கும் அந்த ஊரில் குடியிருந்தார் என்பதற்கும் நடுவில் ஓர் அடுப்பு இருக்கிறது.

எங்கள் சுவாமிமலைக்குக் கிருத்திகைதோறும் வெளியூர்க் கூட்டம் வருகிறது. அறுபது படியேறிச் சாமிநாதனைக் கும்பிடுகிறார்கள், கடைத்தெருவில் சாப்பிடுகிறார்கள், சிலர் ஸ்தபதி பட்டறையில் விக்கிரகத்துக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் விட்டுப்போகும் பொருளும் ஏராளம்: தண்ணீர் பாட்டில், டீ குவளை, தட்டு, சில்லறைக் காசு. இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் இவற்றைத் தோண்டி எடுத்தால், நாலாபக்கத்துச் சரக்கும் இந்த ஊரில் புழங்கியது என்று எழுதலாம். அது சரியாகவே இருக்கும். அந்தச் சரக்குக்கு உரிய ஊர்க்காரர்கள் எல்லாரும் இங்கே குடித்தனம் நடத்தினார்கள் என்று எழுதினால் தவறிவிடும். குடியிருந்தவர் யார் என்று தெரிய வேண்டுமானால் வேறொன்றைத் தேட வேண்டும். அடிப்பக்கம் கரியேறிய சட்டியைத் தேட வேண்டும்.

இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விட்டதால், தமிழ்நாட்டுக் கடற்கரைத் தொல்லியலின் புகழ்பெற்ற கூற்று ஒன்று எண்பது ஆண்டுகளாகத் தன் தகுதிக்கு மேல் நம்பப்பட்டு வருகிறது. அரிக்கமேட்டில் ரோமானியக் குடியேற்றம் இருந்தது என்பதே அந்தக் கூற்று. பானையோட்டை வைத்து எழுந்த இந்த வழக்கைப் பானையோட்டை வைத்தே எடைபோட வேண்டும். எந்த ஓடு எதற்குச் சாட்சி சொல்லும், எவ்வளவு தூரம் சொல்லும் என்பதே இங்கே கேள்வி.

வீலரின் வழக்கு

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு நம் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது. பொதுகேயை அரிக்கமேட்டோடும், கமராவைக் காவிரிப்பூம்பட்டினத்தோடும் அறிஞர் பலர் இணைக்கிறார்கள். 1930களில் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் இந்த மேட்டில் மணிகளையும் செதுக்குக் கற்களையும் சேகரித்தார். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1944இல் வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் உடைந்த ஆம்போரா ஒன்றைக் கண்டார். மறு ஆண்டே அரிக்கமேட்டில் குழி வெட்டினார். 1946இல் வெளியான அறிக்கையில் அந்த இடத்துக்கு 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்' என்று பெயரிட்டார்.

அவர் கொண்டுவந்த முதன்மைச் சாட்சிகள் மூன்று. ஒன்று, இரு கைப்பிடியும் கூம்பிய அடியும் உள்ள ஆம்போரா சாடிகள். இரண்டு, இத்தாலியின் அரெத்சோ பக்கத்துச் செம்மெருகுத் தட்டுகள். அரிட்டைன் என்று நம் நூல்கள் சொல்வது இவற்றைத்தான். அவற்றின் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும்; அரிக்கமேட்டில் விபியே, கமுரி, இட்டா என்ற முத்திரைகள் கிடைத்தன. மூன்று, உட்புறத்தில் வட்டவட்டமாகப் புள்ளிக்கோடு உருட்டிய ரௌலட்டட் தட்டுகள். கிடங்கு எனக் கருதப்பட்ட செங்கல் கட்டடமும் தொட்டிகளும் துணைச் சாட்சிகள்.

வீலர் செய்த நன்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தாலியில் காலம் தெரிந்த தட்டு இங்கே எந்த மண்ணடுக்கில் கிடக்கிறது என்று பார்த்து, அதே அடுக்கில் கிடந்த நம்மூர் ஓடுகளுக்கும் அவர் காலம் குறித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஊன்றி நிற்க ஒரு கால் கிடைத்தது அப்போதுதான். அந்தப் பயன் இன்றும் குறையவில்லை. ஆனால், காலம் காட்டும் சாட்சி ஆளையும் காட்டிவிடும் என்று எண்ணியதில் பிழை புகுந்தது. 'வணிக நிலையம்' என்ற சொல், பின்னால் வந்தவர்கள் பேச்சில் மெல்ல மெல்லக் 'குடியேற்றம்' என்று பெருத்தது.

சட்டி ஏன் நல்ல சாட்சி

சமையல் பாண்டத்துக்கு இவ்வளவு மதிப்புத் தருவானேன்? விருந்தாளி முன் வைக்கும் தட்டு ஊர் மெச்ச வாங்குவது. அடுப்பில் ஏற்றும் சட்டியைக் குடும்பத்தார் தவிர யாரும் பார்ப்பதில்லை. அதன் வடிவத்தைத் தீர்மானிப்பவை மூன்றே: என்ன சமைக்கிறோம், எந்த அடுப்பில் சமைக்கிறோம், கைக்கு எது பழகியிருக்கிறது. இந்த மூன்றும் எளிதில் மாறாதவை.

எங்கள் பாட்டி வீட்டுச் சமையற்கட்டின் உலைப்பானையைச் சொல்கிறேன். அதற்கு அடித்தட்டே கிடையாது, முட்டைபோல் உருண்டிருக்கும். மண்ணடுப்பின் மூன்று குமிழ்மேல் உட்கார வைத்தால் தீ நாலாபுறமும் தழுவி ஏறும். மூலை இல்லாததால் சூட்டில் விரிசல் விடாது. இறக்கியபின் தரையில் நிற்காது என்பதால் வைக்கோலைத் திரித்துச் சுற்றிய பிரிமணைமேல் வைப்பார்கள். கழுத்து ஒடுங்கி, வாய் வெளிப்பக்கமாக மடிந்திருக்கும். வடிதட்டை அமர்த்திச் சாய்த்தால் கஞ்சி மட்டும் இறங்கும், சோறு உள்ளே நிற்கும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, எலிக்கும் பூனைக்கும் எட்டாமல் உறியில் தூக்கிவிடுவார்கள். புதுச் சட்டியை வாங்கியதும் சமைப்பதில்லை. கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து இரண்டு மூன்று நாள் பழக்க வேண்டும். மண்ணின் நுண்துளைகளை அந்தக் கஞ்சி அடைக்கும். அரிசி உண்ணும் நாட்டின் முழுக் கதையும் அந்த ஒரு பானையில் இருக்கிறது. நெல் இல்லாத ஊரில் இப்படியொரு வாய்க்கும் பிரிமணைக்கும் வேலை இல்லை.

செய்யும் முறையும் தடம் விட்டுப்போகிறது. சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது பானையின் அடி திறந்தும் தடித்தும் இருக்கும். பாதி காய்ந்ததும் குயவர் உள்ளே ஓர் உருண்டைக் கல்லை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி மெலிதாக்குவார். அந்தத் தட்டுத் தடம் ஓட்டில் அப்படியே இருக்கும். மண்ணும் பேசும். ஸ்தபதி மெழுகு உருவின்மேல் முதலில் பூசுவதற்குக் காவிரியின் மெல்லிய வண்டலைத் தேடுவார். ஒரு மயிரிழைக் கோடும் தவறாமல் பதிய வேண்டும் என்பதற்காக. அந்த அச்சு ஒருமுறை உலோகத்தைத் தாங்கினால் போதும், பிறகு உடைத்துவிடலாம். சட்டியோ தினமும் தீயைத் தாங்க வேண்டும். அதனால் சட்டி மண்ணில் மணல் கலக்க வேண்டும். என்ன மணல், எந்தப் பாறையின் பொடி என்பதை நுண்ணோக்கியில் பார்த்தால் சட்டி பிறந்த ஊரையே சொல்லிவிடலாம்.

இனி ரோமானிய நாட்டுப்புறச் சமையற்கட்டைப் பார்ப்போம். அங்கேயும் கூழும் பருப்பும் கொதிக்கும் பானை உண்டு, 'ஒல்லா' என்பார்கள். நம் உலைப்பானையின் தாயாதி என்றே சொல்லலாம். வாயகன்ற சட்டிக்குக் 'கக்காபுஸ்' என்று பெயர். இந்த இரண்டில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய தூரம் இல்லை. தூரம் வேறு மூன்றில் இருக்கிறது. ஒன்று 'பட்டினா' என்னும் தட்டையடித் தாலம். தணல்மேல் வைத்து முட்டையும் மீனும் கலந்து இறுகச் சமைப்பதற்கு. இரண்டாவது 'மொர்ட்டாரியம்', உட்புறத்தில் பரற்கல் பதித்து, ஓரத்தில் மூக்கு வைத்த அகல்சட்டி. இலை, தழை, பாலாடைக்கட்டியை அதில் அரைப்பார்கள். நமக்கு அம்மி செய்யும் வேலை. மூன்றாவது 'டெஸ்டும்', மாவை அடுப்புத்தரையில் வைத்து மேலே கவிழ்க்கும் சூடான மண்மூடி. அதன்மேல் தணலைக் குவித்தால் ரொட்டி வெந்துவிடும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலிலேயே இந்த மூடியின் கீழ் ரொட்டி சுடும் முறை இருக்கிறது.

தட்டைத் தாலம், பரற்சட்டி, ரொட்டி மூடி: இந்த மூன்றும் சோறு வடிக்கும் சமையற்கட்டுக்கு வேண்டாதவை. ரோமானியக் குடும்பங்கள் அரிக்கமேட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்தால், இவை குப்பைமேட்டில் கரியேறிக் கிடக்க வேண்டும். கப்பலில் வந்திருக்காவிட்டாலும் உள்ளூர்க் குயவரிடம் சொல்லிச் செய்திருப்பார்கள். குடியேற்ற வாதத்துக்கு நான் வைக்கும் உரைகல் இதுதான். வீலர் கட்டிய வழக்கு இந்த மூன்றின்மேல் நிற்கவில்லை. சாடியின்மேலும் தட்டின்மேலும் நிற்கிறது. அங்கே குவிந்து கிடந்த ஓடுகளில் மிகப் பெரும்பகுதி உள்ளூர்ப் பாண்டம்.

தட்டும் சாடியும் எவ்வளவு தாங்கும்

செம்மெருகுத் தட்டை எடுத்துக்கொள்வோம். இது ரோமானியரின் நேர்த்தியான உணவுக்கலம். ஆகவே இதில் உண்டவர் வசதியுள்ள ரோமானியர் என்பது பழைய எண்ணம். அந்தத் தட்டு பிறந்த தஸ்கனி நாட்டிலேயே இந்த எண்ணம் இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. 2009 முதல் 2014 வரை கிம் போவ்ஸ் தலைமையிலான குழு, சினிஜானோ ஊரைச் சுற்றி வயல்வெளிகளில் இருந்த மிகச் சிறிய ரோமானிய உழவர் இருப்பிடங்களை அகழ்ந்தது. ஏழை உழவர் தம் நிலத்தில் விளைந்ததைத் தின்று, சந்தையை எட்டிப் பாராமல் வாழ்ந்திருப்பார் என்பதே வழக்கமான எதிர்பார்ப்பு. கிடைத்தது வேறு. கரியேறிய சமையல் ஓடுகளோடு நேர்த்தியான மேசைத் தட்டுகளும், வெளியிடத்துச் சரக்கும், காசும் அங்கே இருந்தன. மார்சுவோலோ என்ற சிற்றூரிலோ செம்மெருகுத் தட்டையே சுட்டிருக்கிறார்கள்.

சொந்த மண்ணில் ஏழை உழவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட தட்டு, ஆளின் குலத்தையும் செல்வத்தையும் சொல்லும் அடையாளமாக இருக்க முடியாது. அது சந்தைச் சரக்கு. சந்தை எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு அது நல்ல அளவுகோல். அதைத் தாண்டி அதனிடம் கேட்கக் கூடாது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இத்தாலியச் சலவைக்கல் தரை, பெல்ஜியம் கண்ணாடி, பர்மா தேக்குத் தூண் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து இத்தாலியர் செட்டிநாட்டில் குடியேறினார்கள் என்று எவரும் சொல்வதில்லை. நகரத்தார் கடல் கடந்து போனார்கள், வாங்கிவந்தார்கள் என்று சரியாகப் புரிந்துகொள்கிறோம். அதே நியாயத்தை நம் பழந்துறைமுகத்துக்கும் வழங்க வேண்டாமா?

ரௌலட்டட் தட்டின் கதை இன்னும் தெளிவானது. வீலர் அதை மத்தியதரைக் கடலின் இறக்குமதி என்று கொண்டார். விமலா பெக்லி 1988இல் அந்த முடிவை விரிவாக மறு ஆய்வு செய்தார். பின்வந்த கனிம, வேதிச் சோதனைகள் அது இந்திய மண்ணில் செய்த கலம் என்று காட்டின. கங்கைச் சமவெளியின் கீழ்ப்பகுதியை அதன் தாயகமாகச் சொல்வோரும் உண்டு. அநுராதபுரத்திலும், பாலித் தீவின் செம்பிரானிலும் அது கிடைத்திருக்கிறது. ரோமுக்குச் சாட்சியாக நிறுத்தப்பட்ட தட்டு, வங்கக் கடலைச் சுற்றி ஓடிய நம் சொந்த வணிகத்துக்குச் சாட்சியாக மாறிவிட்டது. வீலரின் மூன்று தூண்களில் ஒன்று இங்கே விழுந்தது.

ஆம்போரா மட்டும் அவ்வளவு எளிதில் விழாது. எலிசபெத் லைடிங் வில் அரிக்கமேட்டுச் சாடிகளை வகை பிரித்தார். கோஸ் தீவு வகை மதுச்சாடிகளே மிகுதி. அவற்றோடு இஸ்திரியாவின் ஒலிவ எண்ணெய்ச் சாடியும், ஸ்பெயினின் மீன்சாறுச் சாடியும் இருப்பதாகக் கண்டார். குடியேற்ற வாதத்தின் மிக வலுவான இடம் இதுதான். யவனர் கொண்டுவந்த மதுவை நம் மன்னரும் பருகியதைச் சங்கப் பாட்டே சொல்கிறது; ஆகவே மதுச்சாடி யாருக்காகவும் வந்திருக்கலாம். நல்லெண்ணெய் நாட்டில் ஒலிவ எண்ணெயும், கருவாட்டு நாட்டில் புளித்த மீன்சாறும் யாருக்கு வேண்டும்? அந்த நாக்கோடு பிறந்தவருக்குத்தானே? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனாலும் அந்தச் சாடிகள் அளவில் சிறுபான்மை. சில மாதம் தங்கிய வணிகரும் மாலுமிகளும் தம் வாய்க்கு ருசியாகக் கொண்டுவந்த பண்டம் என்று கொண்டாலே போதும். குடும்பமும் தலைமுறையும் தேவைப்படவில்லை. மேலும் ரொபர்ட்டா டாம்பர் இந்திய அகழாய்வு இடங்களின் ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, பல இடங்களில் ரோமானிய ஆம்போரா என்று பதிவானவற்றுள் சில மெசபொட்டேமியப் பக்கத்து, உட்புறம் கீல் பூசிய நீள்சாடிகள் எனத் தெரிந்தது. அவை ரோமானியக் கணக்கிலிருந்து கழிந்துபோயின.

என் உரைகல்லுக்கும் ஒரு சோதனை

உரைகல்லையும் உரசிப் பார்க்காமல் தீர்ப்புக்குப் போகக் கூடாது. அதற்கு ஆதரவாக ஒரு சான்று, எதிராக இரண்டு.

ஆதரவுச் சான்று இங்கிலாந்தின் யார்க் நகரிலிருந்து வருகிறது. அங்கே ரோமானியப் படைத்தளத்தில் வடஆப்பிரிக்க வடிவச் சமையல் சட்டிகளை விவியன் ஸ்வான் அடையாளம் கண்டார். அந்த வடிவம் ஆப்பிரிக்காவினது, மண்ணோ யார்க் பக்கத்தினது. வாங்கிவந்த சட்டியாக இருந்தால் சரக்கு என்று ஒதுக்கிவிடலாம். தாய்நாட்டுச் சட்டியை வந்த ஊர் மண்ணில் செய்துகொண்டவர் அங்கே தங்கிச் சமைத்தவராகத்தான் இருக்க வேண்டும். வட ஆப்பிரிக்கப் படைவீரர் அங்கே இருந்தனர் என்று ஸ்வான் அதிலிருந்து வாதிட்டார். குடியிருப்புக்கு அடுப்படிச் சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே முன்மாதிரி.

எதிர்ச்சான்று ஒன்று: சமையல் சட்டியும் சரக்காகப் போனதுண்டு. துனீசியாவில் செய்த சட்டிகள் மத்தியதரைக் கடல் முழுக்க விற்பனையாயின. பாந்தெல்லேரியா என்ற சிறு எரிமலைத் தீவின் சட்டிகள், தீயைத் தாங்கும் திறத்துக்காகவே கடல் தாண்டி வாங்கப்பட்டன. ஆகவே வெளியூர்ச் சட்டி கிடைத்த இடமெல்லாம் வெளியூர்ச் சமையற்காரர் இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. கப்பல் அடுப்பின் பழஞ்சட்டி கரையில் வீசப்பட்டிருக்கவும் கூடும். ஆகையால் என் உரைகல்லை நான் படிவரிசையாகத் திருத்திக்கொள்கிறேன். கடையிலே நிற்பது மெருகுத் தட்டு. அடுத்தது சாடி. அதற்கு மேலே இறக்குமதிச் சட்டி. அது கரியேறியிருந்தால் இன்னும் ஒரு படி கூடும். எல்லாவற்றுக்கும் மேலே, வந்தவரின் வடிவத்தில் உள்ளூர் மண்ணால் செய்த சட்டி.

எதிர்ச்சான்று இரண்டு: சட்டி இல்லாததால் ஆளே இல்லை என்றாகிவிடாது. எகிப்திலிருந்து பருவக்காற்றைப் பிடித்து வந்தவர்கள் எதிர்க்காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாக வேண்டும். காத்திருந்தவர்கள் சாப்பிட்டும் இருப்பார்கள். அவர்களுக்கு நம்மூர்ப் பெண்களே நம்மூர்ப் பானையில் சமைத்துப் போட்டிருக்கலாம். அப்படியொரு வாழ்க்கை எந்த ரோமானியச் சட்டியையும் விட்டுப்போயிருக்காது. இலக்கியமும் இந்தப் பக்கம் நிற்கிறது. புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருப்பிடங்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பாசறையில் காவல் நிற்கும் யவனரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. சிலம்பின் காலம் ரோமானிய வணிகத்தின் உச்சத்துக்குப் பிந்தியது. 'யவனர்' என்ற சொல்லும் கிரேக்கர், ரோமர், எகிப்திலிருந்து வந்தவர் எல்லாரையும் தழுவியது. இருந்தும், யவனர் இந்தக் கரையில் தங்கினர் என்ற நினைவு வெறும் காற்றில் பிறந்திருக்காது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டிய எடை ஒன்று இருக்கிறது. வீலருக்குப் பின் 1947 முதல் 1950 வரை அகழாய்வாளர் கசாலும், 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. ராமனோடு சேர்ந்து பெக்லியும் அரிக்கமேட்டில் அகழ்ந்தார்கள். ரோமானிய வணிகம் வருவதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதும், அது ஓய்ந்தபின்னும் ஊர் உயிரோடு இருந்தது என்பதும் உறுதியாயின. ரோமானியர் வந்து உண்டாக்கிய ஊர் அது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

செங்கடல் கரையின் உறி

இதே உரைகல்லை எதிர்க்கரைக்கு எடுத்துச் சென்றால் என்ன ஆகிறது?

எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸ் என்ற இரு துறைமுகங்கள் ரோமானியரின் இந்திய வணிகத்துக்கு வாசல்கள். மியோஸ் ஹோர்மோஸின் இன்றைய பெயர் குசைர் அல்-காதிம். இரண்டிடத்திலும் மிளகு கிடைத்தது, அரிசி கிடைத்தது. பெரெனிகேயின் கோவில் வளாகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ ஏழரை கிலோ மிளகு இருந்தது. இவையெல்லாம் சரக்கு, என் கணக்கில் கீழ்ப்படியில் நிற்பவை. ஆனால் இவற்றோடு இந்தியச் சமையல் சட்டி பானைகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. மிளகு விற்க வந்தவருக்குக் கரிச்சட்டியை விற்கும் நோக்கம் இருந்திருக்காது. அழகு பார்க்க அந்தச் சட்டியை எகிப்தியர் வாங்கியிருக்கவும் மாட்டார். சோறு பொங்கிச் சாப்பிட்டவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதே அதற்கு இயல்பான விளக்கம்.

எழுத்தும் கூட வருகிறது. குசைரில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் கீறிய ஓடுகள் கிடைத்தன. பெரெனிகேயில் 1995இல் கிடைத்த ஓட்டில் 'கொறபூமான்' என்ற பெயர் வாசிக்கப்பட்டது. அந்த ஓடு ரோமானிய ஆம்போராவின் ஓடு! சாடி ரோமானியம், பெயர் தமிழ். சாடியைக் கொண்டு ஆளைச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இவற்றுள் என்னை மிகவும் நெகிழவைப்பது குசைரில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழுவினர் எடுத்த ஒரு சேமிப்புப் பானையின் ஓடு. அதில் ஒரே சொற்றொடர் இரு பக்கமும் தமிழ்-பிராமியில் கீறியிருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதைப் 'பானை ஒறி' என்று படித்தார்; உறியில் தொங்கும் பானை என்று பொருள் சொன்னார். அரசன் பெயர் அதில் இல்லை, வணிகக் குழுவின் பெயரும் இல்லை. பாட்டி வீட்டு மூலையில் தொங்கிய அதே உறியின் பெயர், நைல் நாட்டுப் பாலைக் கரையில், அதை அன்றாடம் தூக்கி இறக்கியவர்களின் எழுத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் புழங்கும் சொல் அங்கே போயிருக்கிறது என்றால், அந்தச் சொல்லைப் பேசியவர்களின் அன்றாட வாழ்க்கையும் அங்கே போயிருக்கிறது.

இங்கேயும் எடைக்கல்லைக் குறைக்கக் கூடாது. அந்த இந்தியச் சட்டிகள் எல்லாம் தமிழ்நாட்டுச் சட்டிகள் என்று சொல்ல முடியாது. மேற்குக் கரையினரும் அங்கே போனார்கள், பிராகிருத எழுத்துள்ள ஓடும் குசைரில் கிடைத்தது. அவற்றில் சில கப்பல் அடுப்பின் கழிவாக இருக்கலாம். நிலையான குடியேற்றமா, பருவந்தோறும் வந்து தங்கிய கூட்டமா என்பதை இந்த ஓடுகள் தாமாகச் சொல்லிவிடவில்லை. நமக்குப் பெருமை தருகிறது என்பதற்காக உரைகல்லைத் தளர்த்தினால், வீலர் செய்த பிழையை நாம் மறுபக்கத்திலிருந்து செய்தவர்களாவோம்.

தீர்ப்பு

அரிக்கமேட்டில் ரோமானியக் குடியேற்றம் இருந்தது என்ற கூற்று நிறுவப்படவில்லை. அது பொய் என்றும் நிறுவப்படவில்லை. யவன வணிகர் வந்தனர், பருவத்துக்குத் தங்கினர் என்ற அளவுக்குச் சான்று தாங்குகிறது. வீடு, அடுப்பு, குடும்பம் என்ற அளவுக்குத் தாங்கவில்லை. அது தமிழ்க் கரையின் சொந்த ஊர். உலகச் சந்தை அதன் வாசலுக்கு வந்தது. இன்னொன்று: ரோமானியர் நம் கரையில் அன்றாடம் சமைத்து உண்டதற்கு இருக்கும் சான்றைவிட, இந்தியரும் அவர்களுள் தமிழரும் செங்கடல் கரையில் சமைத்து உண்டதற்கு இருக்கும் சான்று வலுவானது. பாடநூலில் முன்னது வந்த இடத்தில் பின்னதும் வர வேண்டும்.

தீர்ப்பின் மூன்றாம் பகுதியை நம்மை நோக்கியே சொல்ல வேண்டியிருக்கிறது. தஸ்கனியின் ஏழை உழவர் என்ன சட்டியில் சமைத்தார், எதில் உண்டார் என்று இன்று ஓரளவு சொல்ல முடிகிறது. அதே ஆண்டுகளில் காவிரிக் கரையில் நெல் விதைத்த குடும்பத்தின் அடுப்படியைப் பற்றி நாம் சொல்லக்கூடியது அதில் ஒரு பங்குகூட இல்லை. பூம்புகாரில் 1960களிலேயே படகுத்துறையையும் புத்த விகாரையையும் வெளிக்கொணர்ந்தோம். அந்தத் துறைக்கு நெல் அனுப்பிய உள்நாட்டுச் சிற்றூரைத் தேடிப் போனது குறைவு. காரணம் இல்லாமல் இல்லை. டெல்டாவில் பழைய ஊர்மேட்டின்மேலேயே இன்றைய ஊர் இருக்கிறது. மிச்சத்தை வண்டல் மூடியிருக்கிறது. சேறடித்த வயலில் ஓடு பொறுக்குவது தஸ்கனியின் உழவுநிலத்தில் பொறுக்குவதுபோல் எளிதில்லை. ஆனால் காரணம் முழுக்க மண்ணில் இல்லை. நம் கண்ணிலும் இருக்கிறது. வெளிநாட்டு ஓடு ஒன்று வந்தால் செய்தியாகிறது, படமாகிறது. உள்ளூர்க் கரிச்சட்டி மூட்டை மூட்டையாக வந்தாலும் 'முரட்டு வகை' என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

அந்தக் கரிச்சட்டியைப் பேசவைக்க இன்று வழி இருக்கிறது. பழக்கும்போது கஞ்சி புகுந்த அதே நுண்துளைகளில், பின்னால் சமைத்த கறியின் கொழுப்பும் ஏறி ஒடுங்கிக் கிடக்கிறது. ஓட்டைப் பொடித்து அதைப் பிரித்தெடுக்கலாம். 2020இல் வெளியான சிந்துவெளிப் பானைகளின் ஆய்வு இப்படித்தான் இறைச்சிக் கொழுப்பு மிகுதி, பால் குறைவு என்று கண்டது. சோறு அதிகம் கொழுப்பு விடாது என்பதால் நம் உலைப்பானை குறைவாகவே பேசும். குழம்புச் சட்டி நிறையப் பேசும். எது வெந்தது, எது வேகவில்லை, ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு என்ன மாற்றம் என்பதை மன்னர் கல்வெட்டு சொல்லாது. குழம்புச் சட்டி சொல்லும்.

ஆகவே தீர்ப்போடு ஒரு வேண்டுகோளும் சேர்கிறது. அகழாய்வுக் குழியிலிருந்து கூடை கூடையாக வரும் ஓடுகளைத் தொட்டியில் போட்டு, தூரிகையால் தேய்த்து, வெயிலில் காயவைத்து வகை பிரிப்பது வழக்கம். மெருகுத் தட்டை அப்படிக் கழுவுங்கள். அடி கறுத்த சட்டியோட்டில் சிலவற்றையாவது மண்ணோடு அப்படியே எடுத்து, கைபடாமல் சுற்றி, எந்த ஆழத்தில் எந்த அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது என்று எழுதி வையுங்கள். அந்தக் கரி அழுக்கில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அந்த வீட்டில் எரிந்த அடுப்பின் கையெழுத்து அது.